லிங்குக்கும் ஒரு பொட்டு

கோயம்புத்தூரில் கொங்குச்சிட்டு என்று ஒரு கிரைண்டர் கம்பெனி இருந்தது. கடை கிடையாது, ஷோரூம் கிடையாது, எல்லா விற்பனையும் இணையத்தில்தான். அந்தக் கம்பெனியின் சாமான்களுக்கெல்லாம் ஒரு ஆயுத பூஜையன்று தலைகால் புரியாமல் போனது.

போகாதா பின்னே? வருஷம் முழுக்கத் தலையில் குட்டு வாங்குகிற ஸ்டேப்ளருக்கு அன்றைக்குச் சந்தனம். டெலிவரி வேனுக்கு ஆளுயர மாலை. தண்ணீர் மோட்டாருக்குக்கூட மூன்று இடத்தில் குங்குமம். சாம்பிராணிப் புகை ஏறியதில் பிரின்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்கு முன்னாடி பழமெல்லாம் வெச்சிருக்காங்கப்பா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோருக்கு முன்னாலும்தான் பழம் இருந்தது. அதைச் சொல்லி அதன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று மற்றவை விட்டுவிட்டன.

பூஜைப் பலகையின் நடுவில் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. மூடிய முதுகில் பட்டையாக விபூதி. இடுக்கெல்லாம் பொரி. அதன் பக்கத்தில் ஒரு பழைய பட்டன் போன், நெற்றியில் பொட்டோடு, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வைஃபை பெட்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள், ஆனால் அதை மட்டும் அணைக்கவில்லை. முதலாளி குப்பண்ணன் பூஜைப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டியிருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை போடும் வரை யாரும் தொடக்கூடாது. குப்பண்ணன் இதில் கறார். இள வயதில் ஒரு ஆயுத பூஜையன்று அவசர ஆர்டருக்காக லேத்தை ஓட்டி, பெல்ட் அறுந்து விரல் நுனி போனது. பாதி நகத்தோடு இருக்கும் அந்த விரலை அவர் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். ஆகவே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இத்தனை அமர்க்களத்திலும் பொட்டு கிடைக்காத ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் பெயர் பட்டுவாடாக் கணக்கு, பணம் கொடுப்பதற்கென்றே கம்பெனி வங்கியில் வைத்திருக்கும் கணக்கு. கண்ணுக்குத் தெரியாதவளுக்குப் பொட்டை எங்கே வைப்பது?

அவள் வேலை இதுதான். கொங்குச்சிட்டுக்கு ஊர் ஊராக அறுபத்தோரு பார்ட்னர்கள் உண்டு. அவர்கள் சமையல் வீடியோ போடுவார்கள். வீடியோவுக்குக் கீழே கொங்குச்சிட்டின் லிங்க் இருக்கும். அதைத் தொட்டு உள்ளே வந்து யாராவது கிரைண்டர் வாங்கினால், வீடியோ போட்டவருக்குக் கமிஷன். ஒரு மாதக் கமிஷனுக்கு மறு மாதம் ஒன்றாம் தேதி பகல் பதினோரு மணிக்கு இன்வாய்ஸ் வருவார், கமிஷன் பில் அவர்தான். அந்த நேரத்தில் பட்டுவாடாக் கணக்கின் வயிற்றில் பணம் இருந்தால், அடுத்த நிமிஷமே அறுபத்தோரு பேருக்கும் போய்விடும். இல்லாவிட்டால் இன்வாய்ஸ் சாயங்காலம் ஐந்து மணி வரை நின்று பார்ப்பார். அப்புறம் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான்.

கணக்குப் பார்க்கிற தமயந்தி ஜனவரியிலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு மாத இன்வாய்ஸுக்கும் ஒரே மூச்சில் நாள் குறித்து வைத்துவிட்டாள். பணம் போடுவதற்குத்தான் நாள் குறிக்கவில்லை. அதை அந்தந்த ஒன்றாம் தேதி காலை பத்தரைக்குச் சுடச்சுடப் போடுவாள். முன்கூட்டிப் போட்டால் பணம் சும்மா படுத்துத் தூங்கும் என்பது முதலாளியின் எண்ணம்.

அந்த வருஷம் பாருங்கள், அக்டோபர் ஒன்றாம் தேதியே ஆயுத பூஜை. பத்தரை மணிக்குத் தமயந்தி வாசலில் கோலத்துக்குக் காவி கட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு இன்வாய்ஸ் வந்தார். அவரை 'அது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மடிப்புக் கலையாத உடம்பு, மேலே எண், கீழே கையெழுத்து. அவர் வாழ்நாளில் ஒரு நிமிஷம் தாமதித்ததில்லை.

"வந்துவிட்டேன்" என்றார் இன்வாய்ஸ். "மொத்தம் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். எடுத்து வையுங்கள்."

"எங்கிருந்துங்க எடுக்கறது?" என்றாள் பட்டுவாடாக் கணக்கு. "இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படலை. வவுத்துல முந்நூறு ரூபா கெடக்குது. அதும் போன மாச மிச்சம்."

இன்வாய்ஸுக்கு முகம் சுருங்கியது. "ஜனவரியிலேயே குறித்த நாள் அம்மா இது."

"நாள் நீங்க குறிச்சுட்டீங்க. மாப்பிள்ளை வரலீங்களே."

"யார் மாப்பிள்ளை?"

"பணந்தானுங்க."

இதைக் கேட்டு பிரின்டர் இன்னொரு முறை சிரித்தது. இன்வாய்ஸ் அதை முறைத்துவிட்டு, ஐந்து மணி வரை நிற்பதாகச் சொல்லி ஓரமாக விறைத்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து வைஃபை பெட்டி வழியாக ஒரு லிங்க் குதித்து வந்தது. தென்காசிப் பக்கத்து லிங்க். உலகம்மாள் என்கிற பெண்ணின் வீடியோவுக்குக் கீழே அதற்கு வீடு. தொட்டால் ஓடும், கூட்டிக்கொண்டு வரும், விட்டுவிட்டுத் திரும்பும். இதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் பதினேழு பேரைக் கூட்டி வந்திருந்தது. பண்டிகை வியாபாரம் என்றால் சும்மாவா?

"எக்கா, இன்னைக்கு ஒண்ணாந்தேதியில்லா? எங்க உலகம்மாவுக்குப் பணத்த விட்டுட்டியளா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டது.

பட்டுவாடாக் கணக்கு விஷயத்தைச் சொன்னாள். லிங்க் அப்படியே நின்றுவிட்டது. அது நின்று யாரும் பார்த்ததில்லை.

"அடுத்த மாசம் சேத்து வரும் கண்ணு. பணம் எங்கியும் போயிராது" என்று கணக்கு சமாதானம் சொன்னாள்.

"பணம் போவாதுக்கா. கடை போயிரும்" என்றது லிங்க். "உலகம்மா மாவுக்கடை போடப் போறா. நாளைக்கு விஜயதசமியில்லா, நாளைக்குத்தான் தொறக்கணும்னு ஒத்தக் காலுல நிக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை பாத்திருக்கா. அட்வான்ஸ் இருபத்தஞ்சாயிரம். கையில எட்டாயிரம் இருக்கு. மீதி இந்தக் கமிஷன்தான். அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா கடைய வேற ஆளுக்கு விட்டுருவேன்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லிட்டாரு. செல்போனுக்கு உறை விக்கிற பய ஒருத்தன் முழுப் பணத்தோட வாசல்ல நிக்கான். மூணு வருசமா அவ வீடியோவுக்குக் கீழ கெடக்கேன். அவ அழுதா எனக்குத்தான் முதல்ல கேக்கும்."

மற்ற சாமான்களெல்லாம் லிங்கின் பக்கம் திரும்பின. தண்ணீர் மோட்டார் மட்டும் விஷயம் புரியாமல் தன் குங்குமத்தை ரசித்துக்கொண்டிருந்தது.

லிங்க் நேராகப் பலகைக்குப் போனது. "லேப்டாப் அண்ணாச்சி, கொஞ்சம் கண்ணத் தொறங்க."

"தொறக்க மாட்டனுங்க" என்றது லேப்டாப், கண்ணை மூடியபடியே. "இன்னைக்கு நான் சாமிங்க. சாமி எங்காச்சும் வேலை பாக்குமுங்களா?"

"சாமியா? ரொம்ப வசதியாப் போச்சு. நான் ஒரு வேண்டுதலோட வந்திருக்கேன்."

லேப்டாப் இதை எதிர்பார்க்கவில்லை. "நாளைக்கு வாங்க. இன்னைக்கு லீவுங்க."

"நல்லாயிருக்கே கதை. வேலைன்னா சாமிங்கிய, வேண்டுதல்னா லீவுங்கிய. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. சாமின்னா கேட்டதக் குடுக்கணும். குடுக்க முடியாதுன்னா மாலையக் கழத்தி வச்சிட்டு வேலையப் பாக்கணும்."

மாலையைக் கழற்றுவதா?  வருஷத்தில் ஒரே ஒரு நாள் கிடைக்கிற மாலை அது. "நானா மாட்டேங்கறன்? என்னைத் தொறக்க ஒரு கை வேணுமில்லீங்க? தமயந்தி அம்மிணியோட பத்து விரலும் வாசல்ல வெண்பூசணிக்குக் குங்குமம் ரொப்பிக்கிட்டு இருக்குது" என்று லேப்டாப் இழுத்தது.

அப்போது பட்டன் போன் கனைத்தது. அது கம்பெனி போன். பணம் அனுப்பும்போது வங்கி சொல்லும் ரகசிய எண் அதற்குத்தான் வரும். வயதானது, பேச்சு குறைவு.

"தெனமும் நாலு நாப்பதுக்கு நான் கத்தறதுங்க" என்றது பட்டன் போன். "தமயந்தி அம்மிணி அஞ்சு மணி பஸ்ஸப் புடிக்க அலாரம் வெச்சிருக்குது. என்னை அணைச்சுப் போட்டாலும் அலாரம் மட்டும் அடிக்கும். என்னைச் செஞ்ச கம்பெனித் தயாரிப்பு அப்படி. இன்னைக்கு பூஜை நேரத்துல கத்தக்கூடாதுன்னு வாயக் கட்டி வெச்சிருந்தனுங்க."

"கத்துங்க பாட்டையா" என்றது லிங்க். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பூஜை மத்தியிலங்களா?"

"மணி அடிச்சா பூஜைக்கு நல்லதுதானே?"

பட்டன் போன் யோசித்தது. நாலு நாற்பதுக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் ஒருமுறை தனக்குள் அதிர்ந்தும் பார்த்துக்கொண்டது.

குப்பண்ணன் நல்ல நேரம் பார்த்து நாலரைக்குப் பூஜையை ஆரம்பித்தார். ஊழியர்கள் பதினாலு பேரும் கை கூப்பி நின்றார்கள். தேங்காய் உடைந்தது. அவர் கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டே பலகைப் பக்கம் வந்தபோது, பட்டன் போன் தன் ஆயுசிலேயே பெரிய குரலில் கத்தியது.

அந்தச் சத்தம் எப்பேர்ப்பட்டது தெரியுமா? பலகையே நடுங்கி, பொரி நாலாபக்கமும் சிதறியது. ஸ்டேப்ளர் கவிழ்ந்தது. பிரின்டர் சிரிப்பதை நிறுத்தி, சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தமயந்தி பழக்க தோஷத்தில் பாய்ந்து வந்து போனை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் எடுத்தது உறைத்தது. அணைக்கப் போன கட்டை விரல் பாதியில் நின்றது. போனின் சின்னத் திரையில் மணி தெரிந்தது, நாலு நாற்பது. கீழே தேதி தெரிந்தது, ஒன்று.

"அய்யய்யோ" என்றாள்.

"பூஜைல வெச்சதை ஏனுங் அம்மிணி தொட்டீங்க?" என்றார் குப்பண்ணன். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒண்ணாந்தேதிங்க. பார்ட்னருங்களுக்குப் பணம் போடவே இல்லீங்க. அஞ்சு மணி தாண்டுனா அறுபத்தோரு பேருக்கும் அடுத்த மாசந்தானுங்க."

"அடுத்த மாசம் சேத்திக் குடுத்துப் போடலாம். அவங்க எங்க ஓடிப் போறாங்க?"

தமயந்திக்குப் பன்னிரண்டு வருஷத்தில் முதலாளியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் தப்பு தன்னுடையது என்பதில் வந்த பதற்றம் அவளைப் பேச வைத்தது.

"அவங்க ஓடறதாலதானுங்க நம்ம கிரைண்டர் ஓடுது. பத்து வித்தா ஆறு அவங்க வித்துக் குடுக்கறது. கணக்கு நான் எழுதறனுங்க, எனக்குத் தெரியும். ஆயுதம்னு சொல்லி இங்க எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கோம். இந்த ஸ்டேப்ளர் இதுவரைக்கும் ஒரு கிரைண்டர் வித்திருக்குங்களா?"

கவிழ்ந்து கிடந்த ஸ்டேப்ளருக்கு மனசு ரொம்ப வலித்தது. 

குப்பண்ணன் தன் பாதி நகத்து விரலைப் பார்த்தார். அவர் கஞ்சரில்லை. பயந்தவர். "தொட்டா ஏதாச்சும் ஆயிருமேன்னு பாக்கறேன்" என்றார், மெதுவாக.

"தொடலீன்னாலும் ஆகுமுங்க. நமக்கில்ல, அவங்களுக்கு."

அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். லேப்டாப்பின் முன்னால் போய் நின்றார். கூப்பிய கையோடு குனிந்தார்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பத்து நிமிஷம் எங்களுக்காக வாங்க" என்றார்.

லேப்டாப்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏழு வருஷமாகத் தன்னைத் தட்டித் தட்டித் திட்டுகிற மனிதர் தன்னிடம் கை கூப்பி நிற்கிறார். இப்போது என்ன செய்யும்? வழக்கமாக அதைத் திறந்தால் விழிக்கவே ஏழு நிமிஷம் ஆகும். அப்புறம் அப்டேட் என்று சொல்லிப் பாதியில் கண்ணை மூடும். அன்றைக்குத் தமயந்தி மூடியைத் தூக்கினாள், பளிச்சென்று விழித்துக்கொண்டது. அப்டேட் என்கிற பேச்சையே எடுக்கவில்லை. லேப்டாப்பால் கொடுக்க முடிந்த வரம் அதுதான், கொடுத்துவிட்டது.

தமயந்தி வங்கிப் பக்கத்தைத் திறந்தாள். தொகையை அடித்தாள். பட்டன் போனை உயிர்ப்பித்ததும் ரகசிய எண் வந்தது. ஆறு எண்களில் மூன்று அஞ்சு. லேப்டாப்பின் அஞ்சாம் பட்டனை அழுத்தினால் அது இறங்க மாட்டேன் என்றது.

"அடியில பொரி மாட்டிக்கிச்சுங்க."

"நவுருங்க" என்றார் குப்பண்ணன். கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார். விபூதி பறந்து தமயந்தி மூக்கில் ஏறியது. இரண்டாவது ஊதலுக்குப் பொரி வெளியே வந்து விழுந்தது. நாலு ஐம்பத்தாறு. தமயந்தி தும்மிக்கொண்டே மூன்று அஞ்சையும் அடித்தாள்.

பட்டுவாடாக் கணக்கின் வயிறு நிறைந்தது. "வந்துட்டாருங்க மாப்பிள்ளை" என்று அவள் கத்தினாள். விறைத்து நின்ற இன்வாய்ஸ் அன்றைக்கு முதல் முறையாக ஓடினார். ஓடியதில் ஒரு மடிப்புக் கலைந்தது, அவர் கவனிக்கவில்லை. லிங்க் முன்னால் பறந்தது, பணம் பின்னால் பறந்தது. யார் முந்தியது என்று கேட்டால் இரண்டும் இன்றைக்கு வரை தானே என்று சாதிக்கும்.

தென்காசியில் உலகம்மாள் கடை வாசலில் கையில் எட்டாயிரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "அஞ்சாயிட்டும்மா. நான் என்ன செய்ய முடியும்?" என்று கடைக்கார அண்ணாச்சி சாவியை அந்தப் பக்கம் நீட்டப் போனார். செல்போன் உறைக்காரன் கையையும் நீட்டிவிட்டான். உலகம்மாளின் போன் டிங் என்றது.

அவள் எடுத்துப் பார்த்தாள். பதினேழாயிரத்து அறுநூற்று ஐம்பது. "அண்ணாச்சி, ஒரு நிமிசம். அங்க குடுத்துராதிய" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகைதான் வந்தது. லிங்குக்குத்தான் முதலில் கேட்டது.

கோயம்புத்தூரில் குப்பண்ணன் லேப்டாப்பை மூடி, மாலையைச் சரி செய்து, மறுபடி விபூதி பூசினார். அணைந்திருந்த கற்பூரத்தைத் திரும்ப ஏற்றினார். "அம்மிணி, அடுத்த மாசத்துல இருந்து பணத்தை மூணு நாளைக்கு முன்னாடியே போட்டுப் போடுங்க" என்றார். "சும்மா தூங்குமுங்களே" என்றாள் தமயந்தி. "தூங்கட்டும் வுடுங்க. நாமளும் நிம்மதியாத் தூங்கலாம்."

மறுநாள் விஜயதசமி. காலையில் உலகம்மாள் புதுக்கடையில் கொங்குச்சிட்டு கிரைண்டருக்குப் பொட்டு வைத்தாள். தராசுக்கு வைத்தாள். மாவு வாளிக்கு வைத்தாள். அப்புறம் போனை எடுத்தாள். தன் வீடியோவைத் திறந்து, கீழே போய்த் தேடினாள்.

"உனக்கு யாருமே வச்சிருக்க மாட்டாவ" என்று சொல்லி, குங்கும விரலால் லிங்கின் மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

கோயம்புத்தூரில் அப்போதுதான் மறுபூஜை முடிந்திருந்தது. வாடிய மாலையோடு லேப்டாப் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மூச்சு இரைக்க இரைக்க ஒரு லிங்க் உள்ளே வந்து விழுந்தது.

"அடடே, உங்களுக்கும் வெச்சுட்டாங்களா?" என்றது லேப்டாப். "அப்ப இன்னைக்கு நீங்களும் சாமிங்க. உக்காருங்க. பொரி இருக்குது, பழம் இருக்குது. சாமியாயிட்டு எதுக்குங்க இப்படி ஓடியாறீங்க?"

"தொட்டுட்டாளே அண்ணாச்சி" என்றது லிங்க். "தொட்டா ஓடணும்லா?"